அப்பாவுக்குக் கேன்சரால் சிறுநீரகமும் யூரேட்டரும் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாய்) எடுத்தாகிவிட்டது. ஆன்லைன் கால்குலேட்டர் காட்டும் சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்?

நொய்யல்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 64 வயது. இருபத்தைந்து வருடம் சாயப்பட்டறையில் வேலை, கூடவே பீடி. பீடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. போன வருடக் கடைசியில் ஒருநாள் சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போயிருக்கிறது. வலி துளியும் இல்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை, அம்மா பாத்ரூமில் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்குத் தெரியும். கல்லாகத்தான் இருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்ல, வாழைத்தண்டுச் சாறு குடித்தே இரண்டு மாதம் போய்விட்டது. நடுவில் ரத்தம் தானாக நின்றதால் சரியாகிவிட்டது என்றே நினைத்தோம். மறுபடி கட்டி கட்டியாக வந்த பிறகுதான் சி.டி. எடுத்தோம். இடது யூரேட்டரின் கீழ்ப்பகுதியில் கட்டி, அது அடைத்ததால் மேலே சிறுநீரகம் வீங்கி இருந்தது. கேமரா விட்டு பயாப்சி எடுத்ததில் ஹை கிரேடு யூரோதீலியல் கார்சினோமா, அதாவது சிறுநீர்ப் பாதையின் உள்தோலில் வரும் கேன்சர், அதில் வேகமான வகை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் லேப்ராஸ்கோப்பியில் இடது சிறுநீரகம், யூரேட்டர் முழுவதும், அது சிறுநீர்ப்பையில் சேரும் இடத்தில் சுற்றியுள்ள சதை எல்லாவற்றையும் எடுத்தார்கள். ரிப்போர்ட் இரண்டு பக்கம். பிடி3 (கட்டி தசையைத் தாண்டி இறங்கியிருக்கிறது), என்எக்ஸ், ஹை கிரேடு, ஓரங்களில் கேன்சர் இல்லை. சர்ஜரிக்கு முன் கிரியேட்டினின் 1.1, இப்போது 1.6, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 48 என்று லேப் போட்டிருக்கிறது.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் நெட்டில் இருந்த இரண்டு கால்குலேட்டர்களில் இதையெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்று ஐந்து வருடத்துக்கு அறுபதுக்கு மேலே காட்டியது, இன்னொன்று ஐம்பதுக்குக் கீழே. ஒரு இடத்தில் எல்.வி.ஐ. இருக்கிறதா இல்லையா என்று கேட்டது, எனக்குத் தெரியவில்லை, 'இல்லை' என்று போட்டேன். அப்புறம் சும்மா 'இருக்கிறது' என்று மாற்றிப் பார்த்தேன், எண் தடாலென்று இறங்கியது. போனை மூடி வைத்துவிட்டேன்.

என் கேள்விகள். இந்தச் சதவீதத்துக்கு என்ன அர்த்தம்? கீமோ 'பார்க்கலாம்' என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனால் வீட்டில் எல்லோரும் உடம்பு தேறட்டும், ஆறு மாதம் போகட்டும் என்கிறார்கள், தள்ளலாமா? கேமரா விட்டு பயாப்சி எடுத்ததால்தான் பரவும் என்று சித்தப்பா ஒரு வீடியோவை அனுப்பிக்கொண்டே இருக்கிறார், அது உண்மையா?

—

கணக்குப்பிள்ளை:

தம்பி, நான் டாக்டர் இல்லை, மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரக் கணக்குப் போடுவது என் பிழைப்பு. அதனால் முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கால்குலேட்டர்களில் பெரும்பாலானவை நோமோகிராம் என்று சொல்லப்படும் சமாசாரத்திலிருந்து வந்தவை. பல நாட்டு மருத்துவமனைகளில் இதே ஆபரேஷன் ஆனவர்களின் பழைய கோப்புகளைத் திரட்டி, யாருக்குத் திரும்பி வந்தது, யாருக்கு வரவில்லை என்று பார்த்து, எந்த விவரத்துக்கு எவ்வளவு கனம் என்று புள்ளி கொடுத்துச் செய்தது. 2012-ல் வந்த ஒன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்யப்பட்டது. அது கேட்பது ஐந்து விஷயம்தான்: கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியது, நெறிக்கட்டிகளில் இருந்ததா, ரத்தக் குழாய் அல்லது நிணநீர்க் குழாய்க்குள் கேன்சர் செல்கள் புகுந்திருந்தனவா (நீங்கள் தெரியாமல் 'இல்லை' போட்ட எல்.வி.ஐ. இதுதான்), கட்டி காம்போடு பூப்போல நின்றதா அல்லது பாய் விரித்தது போலப் படர்ந்ததா, பக்கத்தில் கார்சினோமா இன் சிட்டு (ஆழம் இறங்காமல் உள்தோலிலேயே இருக்கும் கேன்சர்) இருந்ததா. நீங்கள் சொன்னதைப் பார்த்தால் ஐந்தில் ஒன்றுக்குத்தான் உங்களிடம் உறுதியான பதில் இருக்கிறது. மீதி நான்கை ஊகித்துப் போட்டுவிட்டு எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தம் இல்லை.

எல்லா விவரமும் சரியாக இருந்தாலும் இவை எவ்வளவு துல்லியம்? சி இன்டெக்ஸ் என்று ஒரு அளவு உண்டு. இரண்டு நோயாளிகளை நிறுத்தி, யாருக்கு முதலில் திரும்பி வரும் என்று கேட்டால் எத்தனை தடவை சரியாகச் சொல்கிறது என்பதுதான் அது. காசு சுண்டிப் போட்டால் 0.5. கண்ணால் பார்த்தது போலச் சொன்னால் 1. இந்த நோமோகிராம்கள் 0.75, 0.8 அளவில் நிற்கின்றன. அதாவது ஐந்து ஜோடியில் நான்கைச் சரியாக வரிசைப்படுத்தும், ஒன்றில் கோட்டை விடும். இன்னொன்றும் இருக்கிறது, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. எந்த வாழைத்தார் கனம், எது லேசு என்று சரியாகச் சொல்லும் தராசு, கிலோக் கணக்கில் தப்பாகக் காட்டலாம் இல்லையா. அதே மாதிரி, வரிசை சரியாக இருந்தும் சதவீதம் ஐந்து பத்து தள்ளி இருக்கலாம். ஓர் ஊர்க் கோப்பை வைத்துச் செய்ததை இன்னோர் ஊர் நோயாளிக்குப் போடும்போது இது சகஜம்.

அந்தக் கோப்புகளில் பெரும்பாலும் 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் ஆபரேஷன் ஆனவர்கள். ஆபரேஷனுக்குப் பின் கீமோ கொடுப்பது அப்போது வழக்கமாக இல்லை. எனவே அந்த எண், 'ஆபரேஷன் மட்டும் செய்துவிட்டுச் சும்மா இருந்தால்' என்பதற்குக் கிட்டத்தட்ட நெருக்கம். உங்கள் அப்பாவுக்கு அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பது அதில் சேரவில்லை.

அப்புறம், 60 என்றால் உங்கள் அப்பாவுக்கு நூற்றில் 60 பங்கு உயிர் என்று இல்லை. இதே ரிப்போர்ட் உள்ள நூறு பேரை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தால் ஐந்து வருடம் கழித்து அறுபது பேர் நோய் திரும்பாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். அப்பா எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. நான் இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், என் மாமாவுக்கு வந்தபோது நானும் ராத்திரி ஒரு மணிக்கு இதே கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

—

வார்டு_நைட்_டூட்டி:

யூராலஜியில் இருக்கிறேன். உங்கள் அப்பாவின் சிகிச்சையை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், அவரிடம் என்ன கேட்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் தேதி. ஆறு மாதம் தள்ளுங்கள் என்று வீட்டில் சொல்வதை ஏற்காதீர்கள். இங்கிலாந்தில் நடந்து 2020-ல் வெளியான பௌட் என்ற ஆய்வில் இதே நோய்க்கு ஆபரேஷன் ஆன 261 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆபரேஷன் முடிந்து 90 நாளுக்குள் கீமோ ஆரம்பித்தார்கள், மூன்று வாரத்துக்கு ஒன்று வீதம் நான்கு சுற்று. மறு பாதியைக் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கீமோ பக்கம் 71 சதவீதம், மறுபக்கம் 46. இந்த நோயில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. பிடி2-வும் அதற்கு மேலும் உள்ளவர்களையும் நெறிக்கட்டியில் கேன்சர் இருந்தவர்களையும்தான் சேர்த்தார்கள், உங்கள் அப்பா பிடி3. ஐந்து வாரம் போய்விட்டது என்றால் கையில் ஏழு, எட்டு வாரம் இருக்கிறது. ஆகவே அடுத்த விசிட்டில் 'பார்க்கலாம்' என்று சொன்னால் 'எந்தத் தேதிக்குள் பார்க்கலாம் சார்' என்று கேளுங்கள், மெடிக்கல் ஆன்காலஜிஸ்டுக்கு ரெஃபரல் லெட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிக்கல் அந்த 48-ல் இருக்கிறது. இந்த நோய்க்கு முதல் தேர்வு சிஸ்பிளாட்டின், அது சிறுநீரகத்தைத்தான் படுத்தும். ஒரு சிறுநீரகத்தை எடுத்த பிறகு பாதிப் பேருக்கு மேல் அந்த மருந்தைத் தாங்கும் அளவு மிஞ்சுவதில்லை, அதனால்தான் சில இடங்களில் ஆபரேஷனுக்கு முன்பே கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். பௌட் ஆய்வில் 50-க்கு மேல் என்றால் சிஸ்பிளாட்டின், 30 முதல் 49 வரை என்றால் கார்போபிளாட்டின். அப்பா நூலிழையில் கார்போபிளாட்டின் பக்கம் நிற்கிறார். ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் மிச்சச் சிறுநீரகம் கொஞ்சம் பழகி எண் மாறலாம், அதனால் மறுபடி ஒரு கிரியேட்டினின் பார்ப்பார்கள். அளவைப் பிரித்து இரண்டு நாளாகக் கொடுக்கும் முறையும் உண்டு. இதெல்லாம் ஆன்காலஜிஸ்டின் முடிவு. உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: முதுகு வலி, மூட்டு வலி என்று அப்பா மெடிக்கல் ஷாப்பில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் எதுவும் வேண்டாம். நாலு மாத்திரை அந்த 48-ஐ 40 ஆக்கிவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) பற்றிக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் நிவோலுமாப் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பெரும்பாலோர் சிறுநீர்ப்பைக் கேன்சர்காரர்கள், உங்கள் அப்பா போல யூரேட்டரிலோ சிறுநீரகக் கிண்ணத்திலோ வந்த மேல்பாதைக்காரர்கள் ஐந்தில் ஒருவர்தான். அந்தச் சின்னக் கூட்டத்தில் பலன் தெளிவாகத் தெரியவில்லை. விலையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேமரா விஷயம். சித்தப்பா சொல்வதில் கால்வாசி உண்மை. யூரேட்டருக்குள் கேமரா விட்டவர்களுக்குப் பின்னால் சிறுநீர்ப்பைக்குள் புதிதாகக் கட்டி வருவது கொஞ்சம் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அதனால் ஆயுள் குறைந்ததாகக் காட்டவில்லை. அந்த பயாப்சி இல்லாமல் ஒரு சிறுநீரகத்தை எடுக்கச் சித்தப்பா கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள். கேமரா விடாதவர்களையும் சேர்த்தே இந்த ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர்ப்பையில் கட்டி வருவது நூற்றில் 22 முதல் 47 பேருக்கு, அதாவது சாதாரணமாக எதிர்பார்ப்பதுதான். அதற்காகத்தான் கதீட்டரை எடுக்கும் சமயத்தில் சிறுநீர்ப்பைக்குள் ஒரே ஒரு டோஸ் மைட்டோமைசின் என்ற கீமோ மருந்து விடுகிறோம். இங்கிலாந்தில் 2011-ல் வந்த ஆய்வில் முதல் வருடத்தில் 27 சதவீதமாக இருந்ததை அது 16, 17-க்குக் கொண்டுவந்தது. அப்பாவுக்கு விட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். விட்டாலும் விடாவிட்டாலும் மூன்றாவது மாதம் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) கட்டாயம், ஹை கிரேடு என்பதால் முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதைத் தவற விடுகிறவர்கள்தான் பின்னால் ரத்தத்தோடு வருகிறார்கள்.

என்எக்ஸ் என்றால் நெறிக்கட்டிகளை எடுத்துப் பார்க்கவில்லை என்று பொருள். அங்கே கேன்சர் இல்லை என்று பொருள் இல்லை. கால்குலேட்டரில் என்0 என்று அழுத்தியிருந்தால் அதுவும் தப்பு.

—

மருதாணி:

அம்மாவுக்கு இதே ஆபரேஷன் நடந்து நாலு வருடம் ஆகிறது. எங்களுக்கும் ரிப்போர்ட்டில் எல்.வி.ஐ. பற்றி ஒரு வரி கூட இல்லை. எழுதவில்லை என்றால் இல்லை என்றுதானே அர்த்தம் என்று நானும் நினைத்தேன். இல்லையாம். பார்க்காமலே விட்டிருக்கலாம், பார்த்து எழுதாமலும் விட்டிருக்கலாம்.

நான் செய்தது இதுதான். ஆபரேஷன் நடந்த இடத்து லேபில் ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்து ஸ்லைடு, பிளாக் இரண்டையும் கேட்டேன். முதலில் தர மாட்டோம் என்றார்கள், அந்தம்மா லஞ்சுக்குப் போயிருக்கிறார் என்றார்கள், மூன்றாம் நாள் கொடுத்தார்கள். பிளாக் என்பது நம்ம ஊர்க் கடலை மிட்டாய் அளவுக்கு ஒரு மெழுகுத் துண்டு, உள்ளே சதை இருக்கும், அதிலிருந்துதான் சீவி எடுப்பார்கள். வெயிலில் காரில் வைத்துவிடாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள், நான் அதைச் சில்வர் டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வேறொரு பெரிய சென்டரில் மறுபடி பார்த்தார்கள். நாலு நாளில் ரிப்போர்ட். எல்.வி.ஐ. இருக்கிறது என்று வந்தது. அன்றைக்கு அழுதேன்தான், ஆனால் கீமோ வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் நடந்த சண்டை அன்றோடு முடிந்தது.

கீமோவின்போது வாந்தி அவ்வளவு இல்லை, சோர்வுதான். இரண்டாவது சுற்றில் பிளேட்லெட் இறங்கி ஒரு வாரம் தள்ளிப்போனது. சாப்பாட்டில் அம்மா ரசமும் இட்லியும் தவிர எதையும் தொடவில்லை.

இன்னொன்றும் எங்கள் டாக்டர் சொன்னார், அதை நான் பிடித்துக்கொண்டேன். திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருடத்துக்குள் வந்துவிடும், அதைத் தாண்டினால் ஆபரேஷன் அன்று போட்ட கணக்கு செல்லாது, புதிதாகப் போட வேண்டும் என்றார். அம்மாவுக்கு ஒன்றரை வருடத்தில் சிறுநீர்ப்பையில் ஒரு சின்னது வந்தது, உள்ளேயே சுரண்டி எடுத்தார்கள், அடுத்த நாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

—

பச்சிலை_பித்தன்:

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். அப்பா கல்லுக்கென்று நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா? வாழைத்தண்டைச் சொல்லவில்லை, அது பாட்டுக்குக் குடிக்கட்டும். நான் கேட்பது ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி வகையறா. எனக்கு மூலிகையில் ஈடுபாடு அதிகம், தோட்டமே வைத்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். இந்த இரண்டும் அரிஸ்டோலோக்கியா இனம், இவற்றில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்து இதே யூரேட்டர் கேன்சரைக் கொண்டுவரும். தைவானில் இந்தக் கேன்சர் உலகத்திலேயே மிக அதிகமாக இருப்பதற்கு இந்த இன மூலிகைகள் ஒரு முக்கியக் காரணம், 2003-ல் அங்கே தடை செய்தார்கள். பால்கன் நாடுகளில் டான்யூப் ஆற்றின் கிளைகளை ஒட்டிய கிராமங்களில் கோதுமையோடு இந்தச் செடியின் விதை கலந்து ரொட்டியில் போய் தலைமுறை தலைமுறையாக வந்தது. பெல்ஜியத்தில் 1990-களில் உடம்பு இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்களுக்கு. அப்படிச் சாப்பிட்டிருந்தால் மறுபக்கச் சிறுநீரகத்திலும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இயற்கை என்றால் எல்லாம் சாது என்று நினைக்கக் கூடாது, அரளியும் இயற்கைதான்.

—

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி, ஆபீஸில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மைட்டோமைசின் என்று ஒரு வரி இருக்கிறது, விட்டிருக்கிறார்கள். ஸ்லைடு, பிளாக் கேட்டு லெட்டர் எழுதிவிட்டேன், மருதாணி அக்கா சொன்னது போலவே நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆமாம், கால்குலேட்டரில் என்0 என்றுதான் அழுத்தியிருந்தேன்.

அப்பாவிடம் மூலிகை பற்றிக் கேட்டேன், வாழைத்தண்டும் சிறுநெருஞ்சில் கஷாயமும்தான் என்றார். சாயப்பட்டறையும் பீடியும் போதாதா என்று அவரே சிரித்தார். எங்கள் வீட்டுக்கே இந்த ராசி போலிருக்கிறது, பெரிய அத்தை 47 வயதில் கர்ப்பப்பை கேன்சரில் போனார், தாத்தாவுக்கும் கடைசியில் குடலில் ஏதோ என்று சொல்வார்கள். மறுபடி கிரியேட்டினின் பார்க்க வெள்ளிக்கிழமை.

—

வார்டு_நைட்_டூட்டி:

நில்லுங்கள். ராசி என்று சொல்லி முடித்துவிட்ட இடத்தில்தான் நான் உங்களைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அத்தைக்கு வந்தது கர்ப்பப்பையில் எங்கே? நம்ம வீடுகளில் இரண்டையும் 'கர்ப்பப்பை கேன்சர்' என்றுதான் சொல்வோம். கர்ப்பப்பை வாயில் வருவது பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கும் உங்கள் அப்பாவுக்கும் சம்பந்தம் இல்லை. கர்ப்பப்பை உள்சுவரில், எண்டோமெட்ரியத்தில் வந்திருந்தால் கதையே வேறு. லிஞ்ச் சின்ட்ரோம் என்று பரம்பரையாக வரும் ஒரு கோளாறு இருக்கிறது. டி.என்.ஏ.வில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணு ஒன்று கெட்டுப்போய் இருக்கும். அந்தக் குடும்பங்களில் குடலும் கர்ப்பப்பை உள்சுவரும் முதல் இரண்டு இடம், மூன்றாவது இடத்தில் வருவது உங்கள் அப்பாவுக்கு வந்த இதே யூரேட்டர், சிறுநீரகக் கிண்ணம். கூடப் பிறந்தவருக்கு ஐம்பது வயதுக்குள் இப்படி ஒன்று இருந்தாலே சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள்.

புதிதாக ஊசி, ஆபரேஷன் எதுவும் வேண்டாம். நாளைக்கு வாங்கப்போகிறீர்களே, அதே பிளாக்கில் எம்.எம்.ஆர். என்று, அந்தப் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்களுக்குச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். லிஞ்ச் இருந்தால் இரண்டு விஷயம் மாறும். அப்பாவுக்குப் பின்னால் எப்போதாவது இம்யூனோதெரபி தேவைப்பட்டால் அது நன்றாக வேலை செய்யும் வகை இது. இன்னொன்று உங்களைப் பற்றியது. அப்பாவிடம் இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அதை ரத்தத்தில் பார்த்துவிடலாம், இருந்தால் வயதாகும்வரை காத்திருக்காமல் கொலனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) தொடங்க வேண்டும், குடலில் கட்டி மணி மணியாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். பீடியும் பட்டறையும் காரணமாக இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக இதைக் கேட்காமல் விட வேண்டாம். அத்தையின் பழைய பேப்பர் ஏதாவது கிடைக்குமா?

—

கணக்குப்பிள்ளை:

இந்தக் கேள்வி எந்தக் கால்குலேட்டரிலும் கிடையாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

—

நொய்யல்கரை:

அத்தை பையனுக்குப் போன் போட்டேன். பரண் மேலே மஞ்சப்பையில் இருந்ததாம், போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். 2009 தேதி, மடித்த இடத்தில் கிழிந்திருக்கிறது, ஆனால் 'எண்டோமெட்ரியம்' என்று தெளிவாகப் படிக்க முடிகிறது.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை, நாளைக்கு பிளாக் கையில் வந்ததும் நேராக ஆன்காலஜி ஓ.பி.க்குப் போகிறேன். தங்கைக்கு இன்னும் சொல்லவில்லை, அவளுக்கு 29 வயது, அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.